பின்வரிசை விழாத லென்ஸ்

போன வாரம் வியாழக்கிழமை காலை. மாமல்லபுரத்தில் என்னைக் கைநீட்டித் தடுத்துவிட்டார்கள்.

சிற்பங்கள் இருக்கும் ஒரு வளாகத்தின் வாசல். டிக்கெட் வாங்கியாயிற்று. பையைத் திறந்து காட்டியாயிற்று. எனக்கு முன்னால் ஒரு பஸ் நிறைய வந்த கூட்டம், போனைத் தலைக்கு மேல் தூக்கி வீடியோ எடுத்தபடியே உள்ளே போனது. அவர்களை ஒரு வார்த்தை கேட்காத வாசல் காவலாளி, என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

“இன்னா சார் இது? இம்மாம் பெருசா கீது?”

“லென்ஸ்ங்க.”

“பர்மிசன் கீதா?”

“அவங்கல்லாம் எடுத்துக்கிட்டே போறாங்களே...”

“அது போனு சார். இது பெருசு.”

இதற்கு மேல் என்ன வாதாடுவது? என்னோடு வந்திருந்த ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கினார். லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். தன் பழைய சின்ன லென்ஸை எடுத்து மாட்டினார். அதே கேமரா. அதே ஆள். அதே வாசல்.

“இப்ப போலாம் சார்,” என்றார் காவலாளி. பெரிய லென்ஸ் பைக்குள் இருப்பது அவருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை... அவ்வளவுதான்.

சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். அது மறக்கக்கூடாத பாடம் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

விஷயத்தை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். கேமரா கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் அந்த லென்ஸை நாலு நாளைக்கு என்னிடம் விட்டிருந்தார். “நீங்கதான் எதைக் குடுத்தாலும் குறை சொல்ற ஆளாச்சே... இதுல ஒரு குறை கண்டுபிடிங்க பார்ப்போம்” என்று ஒரு சவால் வேறு. இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — சவால் விட்டால் நான் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவேன். மிக்ஸியில் குறை கண்டவன், ரயில்வே டைம்டேபிளில் குறை கண்டவன், சொந்த மாப்பிள்ளையில் குறை கண்டு அதை எழுதாமல் விட்டவன் நான். ஒரு லென்ஸ் என்ன பெரிய விஷயம்?

ஆனால் பெரிய விஷயமாகத்தான் இருந்தது. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்று சொல்லப்படும் தொழில்முறைக் கேமராக்களுக்கான ஜூம் லென்ஸ். இருபத்தெட்டு மில்லிமீட்டரில் இருந்து எழுபது வரை. அதாவது, கல்யாண மேடை முழுவதும் வேண்டுமா, மணமக்கள் மட்டும் போதுமா... நின்ற இடத்தில் நின்றபடி வளையத்தைத் திருப்பினால் போதும். இதை நிறைய லென்ஸ்கள் செய்யும். இதன் பெருமை வேறு. எஃப் 2.

இந்த எஃப் நம்பர் புரியாதவர்களுக்கு இரண்டே வரி. லென்ஸின் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதன் அளவு அது. நம்பர் குறைந்தால் கண் பெரிதாகத் திறக்கிறது, வெளிச்சம் அதிகமாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். நல்ல ஜூம் என்று பெயரெடுத்தவையே 2.8-இல் நின்றுவிடும். இது 2 வரை போகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சம். மங்கலான மண்டபத்தில் ஃபிளாஷ் போடாமலே படம் எடுக்கலாம்.

இலவசமாக எதுவும் கிடையாது இல்லையா? கண்ணை முழுசாகத் திறந்தால் படத்தில் தெளிவாக விழும் பகுதி முறுகல் தோசை மாதிரி மெலிந்துவிடும். அந்த மெல்லிய பட்டையில் நிற்பவர் பளிச்சென்று இருப்பார். முன்னால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகும். ஒற்றை ஆளைப் படம் எடுப்பவர்கள் இந்தக் கரைதலுக்காகவே உயிரை விடுவார்கள்.

அப்புறம் எடை. கேமராவோடு சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்த என் மனைவி, “நான் அரிசின்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லென்ஸைச் சோதிக்க எனக்கென்று ஒரு முறை உண்டு. செய்தித்தாளின் இரண்டு பக்கங்களை விரித்துச் சுவரில் ஒட்டி, ஸ்டாண்டில் கேமராவை வைத்துப் படம் எடுப்பது. நாலு மூலையிலும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறதா என்று கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பது. ஊரப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் காம்பவுண்டு சுவரில்தான் இந்த வேலை நடக்கும். புதன்கிழமை மாலையே லென்ஸ் கைக்கு வந்துவிட்டதால், அன்றைக்கே ஒட்டினேன். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பக்கத்தை ஒட்டியிருக்கிறேன்... அது முழுக்கக் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள். பக்கத்து ஃபிளாட்காரர் ஆபீஸிலிருந்து வந்தவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்ப சார்?” என்றார்.

விளக்கிச் சொல்லி அனுப்புவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. இருந்தாலும் ரிசல்ட் வந்துவிட்டது. நாலு மூலையும் சுத்தம். மறைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெயர் வரைக்கும் படிக்க முடிந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். குறை கிடைக்கவில்லையே.

ஆனால் செய்தித்தாளை யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை. இது நிஜமான வேலையில் எப்படி என்று பார்க்க நிஜமான வேலைக்காரர் வேண்டும். அதனால்தான் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா கோவளத்துக்காரர். பதினாலு வருஷமாகக் கல்யாண போட்டோகிராஃபர். என் மகள் கல்யாணத்தை எடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து எனக்குத் தங்கை முறை. “சர்ச்சும் எடுப்பேன், நிக்காவும் எடுப்பேன், முகூர்த்தமும் எடுப்பேன் அண்ணா. மேளம் மட்டும்தான் மாறும். பொண்ணு அழுவுறது எல்லா எடத்துலயும் ஒண்ணுதான்” என்பார்.

மாமல்லபுரத்து வேலை முடிந்ததும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். தன்னுடைய இரண்டு பழைய லென்ஸ்களையும் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாமா என்பது ஸ்டெல்லாவின் யோசனை.

“வெளிச்சத்துக்காகவா?” என்றேன்.

“அதுவும்தான். ஆனா இன்னொன்னு கீது. பெரிய லென்ஸ் வெச்சிகினு வரவனுக்கு மண்டபத்துல வழி வுடறாங்க அண்ணா. நான் போனா, ‘இந்தாம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ, வீடியோக்காரரு வராரு’ன்றாங்க. பதினாலு வருசமா தள்ளிக்கினே கீறேன்.”

டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை படாளத்தில் ஒரு கல்யாணம், நீங்களும் வாங்க, லென்ஸை அங்கே வைத்துப் பார்க்கலாம் என்றார். கூடவே, அந்தக் கல்யாணத்தில் தன் தலையில் ஏறியிருக்கும் ஒரு பாரத்தையும் சொன்னார்.

மணப்பெண் சுகந்தி. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. அம்மா பச்சையம்மா, கழனி வேலையும் மாடும் பார்த்து இரண்டு பெண்களையும் படிக்க வைத்தவர். மூத்தவள் கல்யாணம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதை எடுத்தது வேறொரு போட்டோகிராஃபர். அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு சுகந்தி ஸ்டெல்லாவின் ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறாள்.

“பக்கம் பக்கமா திருப்பிச்சு அண்ணா. ஊரே கீது. அம்மா மட்டும் இல்ல. கடைசியில ஒரு குரூப் போட்டோ. அவங்க பெரியப்பா தோளுக்குப் பின்னாடி பாதி காதும் ஒரு தோடும் தெரியுது. ‘அக்கா, இதான் எங்கம்மா’ன்னு அந்தக் காதைக் காட்டிச்சு.”

 டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“‘என் பக்கத்துல எங்கம்மா நிக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு வேணும்கா. மீதி ஆல்பம் எப்டி இருந்தாலும் பரவால்ல’ன்னுச்சு. நானும் சரின்னு வார்த்தை குட்த்துட்டேன்.”

“கூப்பிட்டு நிறுத்த வேண்டியதுதானே?” என்றேன், உலகம் தெரியாத ஆள் மாதிரி.

“கூப்ட்டா வராது. யாரும் அதைப் புடிச்சித் தள்ளல அண்ணா. அதுவே பின்னாடி பூடும். நல்ல காரியத்துல புருசன் இல்லாதவ முன்னாடி நிக்கக் கூடாதாம். தாரை வார்க்கறது பெரியப்பாவும் பெரியம்மாவும். பொண்ணு அழுது பார்த்துச்சு, சண்டை போட்டுப் பார்த்துச்சு. ‘உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன்’னு ஒரே பேச்சு. அதுக்கு மேல இன்னா பேசுவே?”

உண்மைதான். விரட்டுகிறவர்களோடு சண்டை போடலாம். தானாக விலகுகிறவரோடு என்ன செய்ய முடியும்?

நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, “ஞாயிறு — படாளம் — உள்வெளிச்சம் — நல்ல சோதனைக் களம்” என்று எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோவளம் கடற்கரையில் லென்ஸைப் போட்டுப் புரட்டினோம். படகு மேல் வந்து உட்காரும் காக்கா, வலையை உதறுகிறவரின் கை, பஸ்ஸைப் பிடிக்க மீன் கூடையோடு ஓடுகிற பெண்கள் — எல்லாவற்றையும் ஃபோகஸ் அட்டைப்பூச்சி மாதிரி பிடித்துக்கொண்டது. சத்தமே இல்லை. வெயிலுக்கு எதிரே திருப்பினாலும் படம் வெளுக்கவில்லை. உப்புக்காற்று முன்கண்ணாடியில் படிந்தது, துடைத்தால் போய்விட்டது. அந்தக் கண்ணாடியின் அகலத்துக்கு ஃபில்டர் வாங்குவதென்றால் ஒரு சின்னத் தட்டு வாங்குகிற மாதிரிதான் இருக்கும். மதியத்துக்குள் ஸ்டெல்லா வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தார். “எடை” என்று எழுதிக்கொண்டேன். ஆனால் கடைக்கார நண்பர் அதை ஒப்புக்கொள்ள மாட்டாரே... யானை கனமாக இருக்கிறது என்பது ஒரு குறையா என்று கேட்பார்.

சனிக்கிழமை மாலை ரிசப்ஷன். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி, படாளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண்டபம். வெளியே கரும்பு லாரிகள், உள்ளே சீரியல் லைட்.

நான் நோட்டும் கையுமாக ஒரு தூண் ஓரம் நின்றுகொண்டேன். ஸ்டெல்லா லென்ஸை மாட்டிக்கொண்டு நடுவழியில் இறங்கினார். அடுத்து நடந்ததை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தும் எனக்கு ஆச்சரியம்தான். நாற்காலிகள் தானாக நகர்ந்தன. போன் பிடித்திருந்த கைகள் கீழே இறங்கின. மேடைக்கு எதிரே நடுநாயகமாக நின்றிருந்த வீடியோக்காரர் ஸ்டாண்டோடு இரண்டடி தள்ளிப் போய், “நீங்க நில்லுங்க மேடம், நான் ஓரமா எடுத்துக்கறேன்” என்றார்.

மேடம்! ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் முதல் மேடம் அது.

குடும்ப போட்டோ நேரம் வந்தது. ஆட்களை நிறுத்தியவர் பெரியப்பா கோதண்டம். அறுபத்தைந்து வயது இருக்கும். நரைத்த முறுக்கு மீசை. டிராக்டர் வைத்து ஓட்டியவர், இப்போது ஆட்களை ஓட்டுகிறார். “நைனா, நீ இப்டி வா... யம்மா, கொழந்தைய முன்னாடி வுடு” என்று அவர் கை காட்டிய இடத்தில் எல்லோரும் நின்றார்கள். மூன்று வரிசை ஆயிற்று. பச்சையம்மாவுக்கு அவர் இடம் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. அந்த அம்மாள் தானே மூன்றாவது வரிசைக்குப் போய், உயரமான ஒரு மருமகனுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டார்.

அப்போதுதான் என் மண்டையில் சோதனைப் பைத்தியம் ஏறியது. மேடைக்குக் கீழே போய் ஸ்டெல்லாவின் காதருகே சொன்னேன். “எழுபதுல வச்சு, எஃப் 2 முழுசாத் திறந்து ஒண்ணு எடும்மா.”

“குரூப் போட்டோவ எவனாச்சும் எஃப் 2ல எடுப்பானா அண்ணா?”

“சோதனைக்குத்தான். ஒண்ணே ஒண்ணு.”

எடுத்தார். கேமராவின் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். முன்வரிசையில் கோதண்டத்தின் மீசையை முடி முடியாக எண்ணலாம். இரண்டாவது வரிசை லேசாகக் கலங்கியிருந்தது. மூன்றாவது வரிசை... கரைந்து போயிருந்தது. பச்சையம்மா கட்டியிருந்த சந்தன நிறச் சேலையும் பின்னால் இருந்த திரைச்சீலையும் ஒன்றாகக் கலந்து, அங்கே ஒரு ஆள் நிற்கிறார் என்பதே சொன்னால்தான் தெரியும்.

மாட்டிக்கொண்டது! நோட்டைத் திறந்து கொட்டை எழுத்தில் எழுதினேன். “குறை: முழுசாகத் திறந்தால் பின்வரிசை விழாது.” எந்த லென்ஸானாலும் இந்த அகலத்துக்குத் திறந்தால் இப்படித்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன? நாலு நாள் தேடியும் கிடைக்காதவனுக்கு அது போதும் என்று தோன்றிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் ஸ்டெல்லா இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா கல்யாணத்துல காதாவது விழுந்துச்சு. இதுல அதுகூட இல்ல அண்ணா.”

வெட்கமாக இருந்தது. நோட்டை மூடிவிட்டேன். ஏதாவது பரிகாரம் சொல்ல வேண்டுமே என்று, “கண்ணைச் சுருக்கி எஃப் 8ல வச்சு இன்னொன்னு எடுத்துடும்மா. பின்வரிசையும் சுத்தமா விழும்” என்றேன்.

“வுழறதா அண்ணா பிரச்சினை? அந்தப் பொண்ணு, அம்மா பக்கத்துல நிக்கணும்னு கேட்டுச்சு.”

எஃப் 8-இல் எடுத்தார். மருமகனின் தோளுக்குப் பின்னால் பச்சையம்மாவின் பாதி முகம் சுத்தமாக விழுந்தது. சுகந்தி மேடையிலிருந்து ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேக்கப்புக்கு நடுவே அந்தப் பார்வையைக் கவனிக்க லென்ஸ் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான்.

ஞாயிறு காலை முகூர்த்தம். தாரை வார்த்தது பெரியப்பா, பெரியம்மா. தாலி ஏறும்போது பச்சையம்மா மண்டபத்தின் பின்கோடியில், சாப்பாட்டு ஹாலுக்குப் போகும் வாசலில் நின்று அட்சதையைப் போட்டார். அது பாதி வழிகூடப் போகவில்லை. ஸ்டெல்லா அதையும் எடுத்தார்.

பிறகு மறுபடியும் குடும்ப போட்டோ. கோதண்டம் மறுபடியும் கை காட்டினார். மூன்று வரிசை. பச்சையம்மா வழக்கமான இடத்துக்குப் போனார்.

ஸ்டெல்லா கேமராவைக் கண்ணில் வைத்தார். எடுக்கவில்லை. இறக்கினார். தலையை ஆட்டினார். ஒரு அடி பின்னால் போனார், மறுபடி வைத்தார், மறுபடி இறக்கினார்.

“இன்னாமா ஆச்சு?” என்றார் கோதண்டம்.

“பெரியப்பா, இந்த லென்ஸ்ல மூணாவது வரிசை வுழாது.”

“வுழாதா?”

“வுழாது. இது பெரிய லென்ஸ். சின்ன லென்ஸ் மாதிரி எல்லாத்தையும் எடுக்காது. நேத்து எடுத்ததப் பாருங்க.”

மேடையேறிப் போய் அந்தப் படத்தைக் காட்டினார். என்னுடைய அந்த ஒண்ணே ஒண்ணு! கோதண்டம் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“என் மீசை நல்லா கீதே... இது யாரு, பின்னாடி பொக மாதிரி?”

“உங்க தம்பி சம்சாரம்.”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் ஒரே வரிசையா வந்துடணும் பெரியப்பா. ஒருத்தர் பின்னாடி நின்னாலும் படம் பாழ்.”

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். என்ன செய்வது, பழக்கம்! ஒரு தொழில்நுட்பத் தவறு காதில் விழுந்தால் எனக்கு நாக்கு அரிக்கும். “இல்லைங்க, எஃப் 8ல...” என்று ஆரம்பித்தேன். ஸ்டெல்லா திரும்பி வந்து, தோளில் இருந்த பையை எடுத்து என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

“அண்ணா, இதக் கெட்டியா புடிங்க.”

பிடித்துக்கொண்டேன். வாயையும் சேர்த்து.

பச்சையம்மா அதற்குள் இறங்கிப் போக ஆரம்பித்திருந்தார். “நான் எதுக்குமா? நீங்கல்லாம் நின்னு எடுத்துக்குங்க. நான் பந்தியப் பார்க்கறேன்.”

“யம்மா, போவாதீங்க. நேத்து நீங்க பின்னாடி நின்னீங்க இல்ல? அதுக்கே படம் கலங்கிப் போச்சு. இன்னைக்கும் அப்டி ஆச்சுன்னா மாப்ள மூஞ்சியும் கலங்கிப்பூடும். தாலி கட்ன கையோட எடுக்கற படம்... மாப்ள மூஞ்சி கலங்கலாமா?”

சுத்தப் பொய். எந்த லென்ஸும் அப்படிச் செய்யாது. ஆனால் பச்சையம்மா நின்றுவிட்டார். முன்னால் வந்தால் மகளுக்கு ஆகாது என்று பயந்தவருக்கு, பின்னால் நின்றாலும் ஆகாது என்று யாரும் இதற்கு முன் சொன்னதில்லை. எங்கே போவார்? மேடைப் படியில் ஒரு கால், தரையில் ஒரு காலாக நின்று கோதண்டத்தைப் பார்த்தார்.

மண்டபமே கோதண்டத்தைப் பார்த்தது. அவர் லென்ஸைப் பார்த்தார். நல்ல நேரம் எடுத்துக்கொண்டு, அதன் முன்கண்ணாடியை, அதன் அகலத்தை, அதன் நீளத்தை.

“லென்ஸுக்கு ஆவாதுன்னா இன்னா பண்றது? வா பச்சையம்மா, ஏறி வா. நேரம் போய்கினே கீது.”

பெரியம்மா தானே தள்ளி நின்று இடம் விட்டார். ஸ்டெல்லா கீழே நின்றபடியே, “உயரம் பார்த்து நிக்கணும்... பொண்ணு பக்கத்துல அதே உயரம் இருக்கறவங்க” என்று இன்னொரு புது விதியை அங்கேயே தயாரித்தார். அம்மாவும் மகளும் ஒரே உயரம். பச்சையம்மா வந்து நின்றார். முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். சுகந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். 

“யாரோ கண்ண மூடிட்டீங்க. இன்னொன்னு,” என்றார் ஸ்டெல்லா. “இப்ப வேற யாரோ மூடிட்டாங்க. அப்டியே நில்லுங்க.” இப்படியே நிறைய எடுத்தார். பிறகு பார்த்தேன், எந்தப் படத்திலும் யாரும் கண்ணை மூடவில்லை.

எல்லாம் முடிந்து ஸ்டெல்லா பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கும்போது பச்சையம்மா தானாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “யம்மா, நான் கண்ண மூடிகினேனா பாரேன்.”

ஸ்டெல்லா காட்டினார். அந்த அம்மாள் வெகு நேரம் பார்த்தார். “சுகந்தி நல்லா கீறா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை கோதண்டத்துக்கு. ரசம் வரும் வரை இலையை விட்டு நிமிராதவர், பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“சார், நீங்க இந்த லென்ஸு சமாச்சாரம்லாம் எழுதறவராமே. ஒண்ணு கேக்கறேன். என் பேரன் போனுல எடுக்கறான். கொல்லையில நிக்கற மாடுகூட வுழுது. இம்மாம் பெரிய லென்ஸ்ல மூணாவது வரிசை வுழாதா?”

எனக்குப் புரை ஏறியது. “அது வந்துங்க... டெக்னிக்கலா...”

“வுடுங்க சார். தண்ணி குடிங்க.”

“தெரிஞ்சேதான் கூப்பிட்டீங்களா?”

அவர் சோற்றில் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். “பெரியவ கல்யாணத்துலயே கூப்ட்ருக்கணும் சார். எப்டிக் கூப்டறது? நானா கூப்ட்டா ஊரு பேசும். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என் தலையில வைப்பாங்க. யாராச்சும் ஒரு சாக்கு சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். அந்தப் போட்டோக்காரப் பொண்ணு சொல்லிச்சு.”

 மோருக்குக் கை காட்டினார்.

நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் — ஒரு பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறதென்றால் அதை யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தால் பிடித்திருப்பவருக்கும் கை வலிக்கிறது. விடுவதற்கு நியாயம் மட்டும் போதவில்லை. நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அதுவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, நல்ல கனமாக.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். எந்த எஃப் நம்பரில் எடுத்தது என்று கேமரா தானே குறித்து வைத்திருக்கும். ஸ்டெல்லா எடுத்திருந்தது எஃப் 8-இல். மூன்று வரிசையாக நின்றிருந்தாலும் அத்தனை பேரும் சுத்தமாக விழுந்திருப்பார்கள்.

திங்கட்கிழமை லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போது ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். வாங்குகிறீர்களா என்று கேட்டேன்.

“வேணாம் அண்ணா. தோளு போச்சு. தைலம் தேய்ச்சிகினு படுத்துகினு கீறேன். அத்தோட அதப் பார்த்ததும் எல்லாம் வெறச்சிகினு நிக்கறாங்க. என் பழசே போதும்.” பிறகு சேர்த்துக்கொண்டார். “யாரையாச்சும் முன்னாடி கொண்டாரணும்னா மட்டும் வாடகைக்கு எடுத்துக்கறேன்.”

நண்பருக்கு அனுப்ப வேண்டிய குறிப்பை உட்கார்ந்து எழுதினேன். நிறைகள் ஒரு பக்கம், குறைகள் ஒரு பக்கம். குறைகளில் எடை, ஃபில்டரின் அகலம். நிறைகளில் மூலை வரைக்கும் தெளிவு, சத்தமில்லாத ஃபோகஸ், வெளிச்சம்... கடைசியாக, “பின்வரிசை விழாது.”

சாயங்காலமே நண்பர் போன் செய்தார். “சார், கடைசி வரி இடம் மாறி வந்திருக்கே?”

“இல்லைங்க,” என்றேன். “இப்பதான் சரியான இடத்துக்கு வந்திருக்கு.”